எட்டாவது வரியில் ஒரு விளக்கு

வாங்க, உக்காருங்க. அந்த சேர் வேண்டாமுங்க, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. உங்க பேனர் மிஷின்ல ஏறிருச்சு. பத்துக்கு எட்டு, காதுகுத்து, தாய்மாமன் படம் பெருசு, மத்த மாமனுங்க படம் சிறுசு, எல்லாம் நீங்க சொன்னபடிதான். முக்கா மணி நேரம் ஆகுமுங்க.

காதுகுத்து பேனர்னா எனக்கு ஒரு சின்ன இது. பயமெல்லாம் இல்லீங்க. ஊசிங்கறது மரியாதையான பொருளு, அதுகிட்ட நாம கொஞ்சம் தள்ளி நிக்கோணும், அவ்வளவுதான். என்ற சம்சாரம் மரகதம் ஊர் முச்சூடும் வேற மாதிரி சொல்லி வெச்சிருக்கா. ஆணி குத்திருச்சுன்னு ஒருக்கா ஊசி போடப் போனனுங்க. போடறதுக்கு முந்தியே கீழ விழுந்து நெத்தியில நாலு தையல். "ஒரு ஊசிக்குப் போயி நாலு ஊசி வாங்கிட்டு வந்த ஆளு"ன்னு ஒறம்பரைக்காரங்க யாரு வந்தாலும் காப்பி குடுக்கறதுக்கு முன்னாடி இதச் சொல்லிருவா. தரை வழுக்குச்சுங்க. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் அப்படித்தான்.

சரி, அது கெடக்கட்டும். அந்த மானிட்டர்ல ஒரு பட்டியல் தெரியுது பாருங்க, பேரு, ரத்த குரூப்பு, போன் நெம்பரு, வெலாசம். அந்த புரோகிராம் நான் எழுதுனது. ஆமாங்க, நானேதான். பேனர் அடிக்கற நாச்சிமுத்துதான். அப்படிப் பாக்காதீங்க. முழுசும் நான்னு சொல்ல மாட்டேன், ஆறு பேரு சேந்து எழுதுனோம். ஆனா முக்கியமான வேலையெல்லாம் நான் பண்ணினது.

போன ஆடி மாசமுங்க. ஆடியில என்ற தொழில்ல என்ன இருக்குது சொல்லுங்க? கல்யாணம் கெடையாது, காதுகுத்து கெடையாது, கடை தொறப்பு கெடையாது. மிஷின் மேல பூனை படுத்துத் தூங்கும். அப்பத்தான் கோகிலவாணின்னு ஒரு அம்மிணி வந்துச்சு. பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் டீச்சர், முப்பது வயசிருக்கும். ரத்ததான முகாமுக்கு ஒரு பேனர் வேணும்னுச்சு. நல்லதா ஒரு வாசகமும் நீங்களே எழுதிக் குடுங்கண்ணான்னுச்சு. நானும் ரோசனை பண்ணி எழுதுனேன்: "ஊசி சிறிது, உன் மனம் பெரிது." எப்படி? அந்தப் புள்ளைக்குக் கண்ணே கலங்கிருச்சு.

கலங்குனதோட நிறுத்தியிருக்கலாம். "அண்ணா, இத்தன உருக்கமா எழுதியிருக்கீங்களே, நீங்களும் குடுப்பீங்கல்ல?"ன்னு கேட்டுருச்சு.

நான் சொன்னேன், "அம்மிணி, ரத்தம் யாரு வேண்ணாலும் குடுப்பாங்க. நான் என்ற திறமையக் குடுக்கறேன்."

"அப்படீங்களா? அப்ப வர்ற ஞாயித்துக்கெழமை லேபுக்கு வந்துருங்கண்ணா. ரத்தம் குடுக்கறவங்க பட்டியலுக்கு ஒரு புரோகிராம் எழுதறோம். யாருக்கும் சம்பளம் கெடையாது, யாரு வேண்ணாலும் எடுத்துக்கலாம், யாரு வேண்ணாலும் திருத்தலாம். நீங்க டிசைன் தெரிஞ்ச ஆளு, ஜன்னல் வேலை உங்களுது."

புரோகிராம் எழுதறதா, ஊசியான்னு பாத்தேன். புரோகிராம்ல ரத்தம் வராதுங்கல்ல. சரின்னுட்டேன்.

ஜன்னல் வேலைன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்றேன். நாம கம்ப்யூட்டர்ல பாக்கற கட்டம், பட்டன், பட்டியல், டிக் அடிக்கற பொட்டி, இதெல்லாம் ஒவ்வொண்ணா வரையறதில்ல. எல்லாம் ரெடிமேடா ஒரு எடத்துல இருக்கும். டூல்கிட்டுன்னு பேரு. நாம எழுத்துல சொன்னா அது கொண்டாந்து அடுக்கும். ஜன்னல் கொண்டா, உள்ள ஒரு பொட்டி வை, பொட்டிக்குள்ள ஒரு பட்டன் வை. மொத மூணு வாரம் நான் சொன்னது ஒண்ணுத்தையும் அது கேக்கலீங்க. ஒரு புள்ளி வுட்டுப்போனா கோவிச்சுக்கிட்டு செகப்பு எழுத்துல இருபது வரி திட்டும். எங்கூட்டுல பழகுனதால எனக்கு அது ஒண்ணும் பெருசாத் தெரியல.

நாலாவது ஞாயித்துக்கெழமை என்ற மொத ஜன்னல் வந்துச்சு. மேல பிள்ளையார், ரெண்டு பக்கமும் வாழைமரம், தங்கக் கலர் பார்டர், "வருக வருக". நடுவுல ஒரு பட்டன். அழுத்துனா "வணக்கம்"னு சொல்லும். நாப்பது தடவ அழுத்துனனுங்க. பொய் சொல்லல, எண்ணுனேன். இருபது வருசமா நான் அடிச்ச பேனர் ஒண்ணுகூட எனக்குத் திருப்பி வணக்கம் சொன்னதில்ல.

கோகிலவாணி பாத்துட்டு, "அண்ணா, ரொம்ப அழகா இருக்குது. ஆனா இதுல நர்ஸம்மா அவசரத்துக்கு ரத்தம் தேடோணும். வாழைமரத்த மட்டும் எடுத்துரலாமா?"ன்னுச்சு. எடுத்தேன். மனசு கேக்கல, ஆனாலும் எடுத்தேன்.

வெனை எங்க வந்துச்சுன்னா, லேபுக்குள்ள வுடறதுக்கு என்ற டிரைவிங் லைசென்ஸ ஒரு ஜெராக்ஸ் வாங்குனாங்க. லைசென்ஸ்ல ரத்த குரூப்பு போட்டிருக்கும், தெரியுமுங்கல்ல? அடுத்த வாரம் போறேன், அந்தப் புள்ள மொகமெல்லாம் சிரிப்பு. "அண்ணா! நீங்க ஓ நெகட்டிவ்! கெடைக்கவே கெடைக்காது! நம்ம வணிகர் சங்கத் தலைவர வுட்டா நீங்கதான். உங்க பேரையும் சேத்துட்டேன்!"

கெடைக்காத குரூப்பெல்லாம் மேல வர்ற மாதிரி பட்டியல் போட்டிருந்தாங்க. எட்டாவது வரி நான், ஒம்பதாவது வரி தலைவர் ரத்தினசபாபதி. மரக்கடை வெச்சிருக்காரே, அவருதான். நாப்பத்தியொரு தடவ ரத்தம் குடுத்தவரு. அவரப் பாத்தா கையக் குடுக்கறதா கும்புடறதான்னே தெரியாது, அப்படி ஒரு ஆளு. அவருக்கு மேல என்ற பேரு, போன் நெம்பரோட.

அன்னிக்கே சொல்லியிருக்கலாம், என்ற பேர எடுத்துருங்கன்னு. எப்படிங்க சொல்றது? அந்த லேப் செவுத்துல நான் எழுதுன பேனரே தொங்குது, ஊசி சிறிதுன்னு. போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு பதறும். பேனருக்கு ஆர்டர் குடுக்கக் கூப்பிடறவங்களக்கூட "யாருங்க, ஆஸ்பத்திரியா?"ன்னு கேட்டு, மூணு பேரு பதறிப்போயி வெச்சுட்டாங்க. அப்ப முடிவு பண்ணினேன். ஜன்னல் வேலை என்றதுதானே? அந்த ஒரு வரிய மறைக்கற அளவுக்கு இந்த டூல்கிட்ட கரைச்சுக் குடிச்சர்றதுன்னு.

அதுக்கப்பறம் நான் படிச்ச படிப்பு இருக்குதே! பன்னெண்டாவதுக்கு இப்படிப் படிச்சிருந்தா இன்னிக்கு உங்களுக்கு பேனர் அடிச்சுட்டு இருக்க மாட்டேன். புரட்டாசியில எழுத்துக்குக் கலர் குடுக்கக் கத்துக்கிட்டேன். என்ற வரிக்கு மட்டும் வெள்ளை எழுத்து. வெள்ளையில வெள்ளை, யாருக்குத் தெரியும்? நிம்மதியாத் தூங்குனேன். ஆனா ஒரு வரிய யாராவது அழுத்துனா அந்த வரி மட்டும் நீலமா மாறுமாம். அத எனக்கு யாரும் சொல்லல. ஒருத்தர் எட்டாவது வரிய அழுத்துனாரு பாருங்க, நீலத்துல வெள்ளையா, கட்அவுட் மாதிரி, "நாச்சிமுத்து, ஓ நெகட்டிவ்". மொத்தப் பட்டியல்லயும் என்ற பேருதான் பளிச்சுன்னு இருந்துச்சு.

அப்பறம் எழுத்தச் சிறுசாக்கிப் பாத்தேன். அது எறும்பு போற மாதிரி ஒரு கோடாத் தெரிஞ்சுது. தலைவரு வந்து, "என்ற பேருக்கு மேல மட்டும் எதுக்குப்பா அலங்காரக் கோடு?"ன்னு சந்தோசமாக் கேட்டாரு. சந்தோசத்தக் கெடுக்கக் கூடாதுன்னு ரெண்டு நாள் வுட்டு எடுத்தேன்.

இதுல ஒண்ணு சொல்லோணும். அந்தக் குழுவுல ஒரு வழக்கம். நாம எதத் திருத்துனாலும், என்ன பண்ணினோம்னு ஒரு வரி எழுதித்தான் அனுப்போணும். இல்லாட்டி உள்ள வுடாது. பொய் எழுதி கம்ப்யூட்டர் கோளாறு ஆயிருச்சுன்னா? உள்ளதையே எழுதிருவேன். "நாச்சிமுத்து பேர் தெரியாதபடி வெள்ளையாக்கியது." அடுத்த வாரம், "நாச்சிமுத்து பேரைச் சிறிதாக்கியது." கம்ப்யூட்டர் படிச்சுட்டு அது பாட்டுக்கு வெச்சுக்கும், நமக்கென்னன்னு.

அந்த அம்மிணி ஒருக்கா பக்கத்துல வந்து உக்காந்துச்சு. "அண்ணா, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா?"

"இல்லீங்களே அம்மிணி."

"எப்பச் சொல்லோணும்னு தோணுனாலும் சொல்லுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. டீச்சருங்கல்ல, பாடத்துல சந்தேகம் இருக்குதான்னு கேக்குதுன்னு நெனச்சேன்.

கடைசியில எனக்கு என்ற தொழிலே கை குடுத்துச்சுங்க. பேனர்ல ஒரு பேரு தப்பா வந்துருச்சு, இல்ல பேனர் அடிச்சதுக்கப்பறம் ரெண்டு பங்காளிக்குள்ள சண்டை வந்துருச்சுன்னு வைங்க. முழு பேனரையா திருப்பி அடிப்பாங்க? அந்தப் பேரு மேல ஒரு ரோசாப்பூ படத்த வெட்டி ஒட்டிருவோம். நாளைக்கு உங்க சின்ன மாமன் முறுக்கிக்கிட்டாருன்னா வாங்க, ஒட்டித் தாறேன். அது மாதிரி இதுலயும் ஒட்ட முடியுமான்னு தேடுனேன். டூல்கிட்டுல சந்தேகம் கேக்க உலகம் பூராவும் ஆளுக உக்காந்திருக்கற ஒரு எடம் இன்டர்நெட்டுல இருக்குது. அதுல போயி, "பட்டியல்ல ஒரு வரிய மட்டும் யாருக்கும் தெரியாம ஒரு படத்த வெச்சு மறைக்கறது எப்படி"ன்னு இங்கிலீஷ்ல கேட்டேன். எந்த ஊர்க்காரரோ தெரியல, ஒரே ஒரு வார்த்தை பதில் போட்டாரு: "ஏன்?" ஊட்டுல மரகதமும் அதையேதான் கேட்டா. ஞாயித்துக்கெழமையானா கறி எடுக்காமக்கூட ஓடறீங்களே, ஏனுங், எதுக்குங்கன்னு.

நானே கண்டுபுடிச்சேன். ஜன்னலுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒண்ணு போட்டு, அதுல எட்டாவது வரி எங்க இருக்குதோ அங்க ஒரு படத்த வெச்சேன். ரோசாப்பூ வெச்சா கெரகம், பளிச்சுன்னு தெரியுது. கொஞ்சம் பவித்திரமா இருக்கட்டுமேன்னு என்ற கம்ப்யூட்டர்லயிருந்து ஒரு விளக்குப் படத்த எடுத்தேன். உள்ளூர் டிவிக்காரங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பண்ணிக் குடுப்பனுங்க, அதுல போடற விளக்கு. சுடர் லேசா ஆடும். அருமையான விளக்கு. "நாச்சிமுத்து பேர் மேல் விளக்கு வைத்தது"ன்னு எழுதி அனுப்பிட்டேன். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு ரெண்டு உருண்டை எச்சா எறங்குச்சு.

கார்த்திகை மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை, காலையில பத்து மணிக்கு சங்கக் கட்டடத்துல வெளியீட்டு விழா. அறுபது பேரு இருப்பாங்க. மேடையில தலைவரு, ரத்த வங்கி டாக்டரம்மா, கோகிலவாணி, நான். ஜரிகை வேட்டி கட்டியிருந்தேன். கீழ மரகதம், என்ற மச்சான் குடும்பம், எல்லாரையும் நானேதான் வரச் சொல்லியிருந்தேன். பொடனிக்குப் பின்னால பன்னெண்டு அடிக்கு என்ற பேனரு. தலைவரு பட்டன அழுத்தித் தொறந்து வெச்சாரு. பெரிய திரையில பட்டியல் விரிஞ்சுது.

எட்டாவது வரியில விளக்கு எரியுதுங்க. சுடர் ஆடுது. விளக்குக்குப் பக்கத்துல, தலைவரு பேரு மறைஞ்சு, "மரக்கடை வீதி"ங்கற வெலாசம் மட்டும் நீட்டிக்கிட்டுத் தெரியுது. ஏழாவது வரியில ஒரு மறைப்பும் இல்லாம "நாச்சிமுத்து, ஓ நெகட்டிவ்".

கோகிலவாணி காதுல, "என்ன அம்மிணி ஆச்சு?"ன்னேன். "உங்களுக்கு மேல் வரியில இருந்த பழனிச்சாமியண்ணன் சிங்கப்பூர் போயிட்டாருங்கண்ணா, காலையிலதான் அவரு பேர எடுத்தேன். எல்லாரும் ஒரு வரி மேல ஏறிட்டீங்க"ன்னு அமைதியாச் சொல்லுச்சு. பேனர்ல ஒட்டுனா ஒட்டுனதுதான், கீழ இருக்கற பேரு எந்திரிச்சா நடக்கும்? இங்க பேரெல்லாம் நடக்குது, விளக்கு மட்டும் அங்கயே நிக்குது.

கீழ தலைவரோட சம்சாரம் எந்திரிச்சு, "ஐயோ, என்னங்க இது, உங்க பேருல விளக்கு எரியுது!"ன்னு ஒரே சத்தம். தலைவரு திரையப் பாத்தாரு. தன்னைத் தொட்டுப் பாத்தாரு. "ஏப்பா, நான் இங்கதானப்பா உக்காந்திருக்கறேன்?"ன்னு மைக்குலயே கேட்டாரு. அறுபது பேரும் ஆமாம் தலைவரேன்னாங்க.

டாக்டரம்மா மட்டும் எதையும் கண்டுக்கல. கண்ணாடியத் தூக்கிப் பாத்துட்டு, "யாருங்க இந்த நாச்சிமுத்து? ஓ நெகட்டிவுக்கு ராத்திரியிலிருந்து தேடிட்டிருக்கறோம். பிரசவ கேசு, இருபத்திரண்டு வயசுப் பொண்ணு. தலைவரு போன மாசம்தான் குடுத்தாரு, அவருகிட்ட இப்ப எடுக்க முடியாது"ன்னாங்க.

அறுபது பேரும் என்னையப் பாத்தாங்க. அப்பறம் என்ற தலைக்கு மேல இருக்கற பேனரப் பாத்தாங்க. மரகதம் மொதத் தடவையா சிரிக்காம என்னையப் பாத்தா. அந்தப் பார்வைதானுங்க என்னைய ஒடச்சது. "டாக்டரம்மா, நான் காலையில சாப்புட்டேன்"னேன். "நல்லது, சாப்புட்டுத்தான் குடுக்கோணும்"னாங்க. "எனக்கு ஜரிகை வேட்டி"ன்னேன்.

தலைவரு எந்திரிச்சு வந்து என்ற மணிக்கட்டப் புடிச்சாரு. "வாப்பா நாச்சிமுத்து. எனக்கு விளக்கு வெச்சதப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்."

அவரு ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து போனேன். ரத்த வங்கியில படுக்க வெச்சாங்க. அவரு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, என்ற இன்னொரு கையப் புடிச்சுக்கிட்டாரு. "செவுத்தப் பாரு, காலண்டரப் பாரு, அங்க பாக்காத. மொதத் தடவ நான் வாந்தியே எடுத்தேன், யாருக்கும் தெரியாது"ன்னாரு. நாப்பத்தியொரு தடவ குடுத்த மனுசன்! எனக்கு மயக்கமெல்லாம் வரலீங்க. கண்ண மூடி ஒரு ரோசனையில இருந்தேன். இருபது நிமிசம் ரோசனை. எழுப்புனாங்க, பாத்தா முடிஞ்சிருந்துச்சு.

வெளிய வந்தா, அந்தப் பொண்ணோட ஊட்டுக்காரரு. கரும்பு வெட்டற ஆளு, கையெல்லாம் காப்பு காச்சுக் கெடக்குது. வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சு மொகத்துல வெச்சுக்கிட்டாரு. ஊருக்கே வாசகம் எழுதிக் குடுக்கற எனக்கு அன்னிக்கு ஒரு வார்த்தை வரலீங்க. அழுகைதான் வந்துச்சு. தாயும் புள்ளையும் இப்ப நல்லா இருக்கறாங்க.

கோகிலவாணி ஜூஸ் வாங்கிட்டு வந்துச்சு. அப்பத்தான் சொல்லுச்சு, நாம எழுதி அனுப்பற அந்த ஒரு வரியெல்லாம் கம்ப்யூட்டருக்கு இல்லையாம். உலகத்துல யாரு வேண்ணாலும் படிக்கலாமாம். புரட்டாசியிலிருந்து ஒவ்வொண்ணையும் அந்தப் புள்ள படிச்சிருக்குது. எனக்கு மானமே போயிருச்சு. "ஏன் அம்மிணி எங்கிட்டக் கேக்கல?"ன்னேன். "ரத்தத்தக் கேட்டு வாங்கலாம், மெரட்டி வாங்கக் கூடாதுங்கண்ணா. அதுவுமில்லாம, பயந்துக்கிட்டு ஒருத்தர் இத்தன ஆர்வமாப் படிச்சு நான் பாத்ததே இல்ல"ன்னு சிரிச்சுச்சு. என்ன நல்ல மனசு பாருங்க.

ஒரே ஒரு கொறை. அந்த அம்மிணிக்குத் தகவல் சொல்றவங்க சரியில்லீங்க. பழனிச்சாமிய போன வாரம் சந்தையில பாத்தேன், தக்காளி வாங்கிட்டிருந்தாரு. எப்ப வந்தீங்கன்னு கேட்டா, எங்கிருந்துங்கறாரு. சிங்கப்பூர் போகவே இல்லையாம். பாஸ்போர்ட்டே கெடையாதாம். யாரோ அந்தப் புள்ளைகிட்டப் புளுகியிருக்கறாங்க. நான் இன்னும் சொல்லல, சொன்னா வெசனப்படும்.

அந்தா, உங்க பேனர் பாதிக்கு மேல வந்துருச்சு. இன்னும் ஒரு பத்து நிமிசமுங்க. காயட்டும். நீங்க இப்ப அவசரமா எங்கயும் போகோணுமா?

இல்ல, ஏன் கேக்கறேன்னா... மாசி பொறந்துருச்சுங்கல்ல, ரத்தம் குடுத்து மூணு மாசம் முடிஞ்சுது, திருப்பிக் குடுக்கலாமாம். காலையில அந்த அம்மிணி போன் பண்ணுச்சு. "அண்ணா, இந்தத் தடவ கேக்கவே கேக்கறேன். ஒருத்தருக்கு வேணும், வருவீங்களா?"ன்னுச்சு. வர்றேன்னுட்டேன். வாய் முந்திக்கிச்சு. நாலு மணிக்குப் போகோணும். தலைவரு பேரனுக்கு மொட்டையடிக்கப் பழனி போயிட்டாரு. மரகதத்தக் கூப்பிட்டா வருவா, ஆனா வாசல்லயே ஆரம்பிச்சிருவா.

பயமாத்தான் இருக்குதுங்க. முன்னப் பின்ன தெரியாத உங்களப் புடிச்சு உக்கார வெச்சு இத்தன பேசறது எதுக்குன்னு நெனைக்கறீங்க?

ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்துக்கோங்க. கால் மணி நேரந்தான் ஆகும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டாப் போதும். சிரிக்க மட்டும் கூடாது.